பிள்ளையின் பாடசாலையும் உங்கள் புள்ளடியும்: கொழும்புக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு தேர்தல் வழிகாட்டி

தேர்தல் அறிவித்தல் வர்த்தமானியில் வந்ததும், கொழும்பில் பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோரிடையே இரண்டு கேள்விகள் சுற்றத் தொடங்கும். ஒன்று, "பாடசாலை எத்தனை நாள் பூட்டு?" மற்றது, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "எங்கட ஆக்கள் இந்த முறை யாருக்காம்?" முதல் கேள்விக்குக் கல்வி அமைச்சு பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குப் பாடசாலையோ பங்குக் கோவிலோ பதில் சொல்லக் கூடாது. அதை வீட்டு மேசையில் நீங்களே இருந்து தீர்க்க வேண்டும். அதற்கான வழிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, மலையகம் என்று பல இடங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்து, கொழும்பில் முதல் தடவை வாக்களிக்கப்போகும் குடும்பங்களை மனதில் வைத்திருக்கிறேன். வீட்டில் 18 வயது தாண்டிய உயர்தர மாணவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

முதலில், உங்கள் வாக்கு எங்கே இருக்கிறது?

வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். கொழும்புக்கு வந்து பத்து வருடம் ஆகியும் பெயர் இன்னும் ஊரிலேயே கிடக்கும் குடும்பங்கள் ஏராளம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பதிவு இருக்க முடியாது. எங்கே வாழ்கிறீர்களோ அங்கே பதிய வேண்டும் என்பதுதான் முறை. தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பெயர் எந்த மாவட்டத்தில், எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கிறது என்று காட்டும். இணையம் கைவராதவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் கேட்கலாம். பிரதேச செயலகத்திலும் பார்க்கலாம். கொழும்பு மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு அது கொழும்பு அல்லது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம்.

இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. வீட்டிலுள்ள வாக்காளர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க, கிராம உத்தியோகத்தர் வழியாக வரும் பி.சி. படிவம் என்ற தாளில்தான் விஷயம் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு முள் உண்டு. வாடகைக்காரரின் பெயர் இடாப்பில் ஏறினால் பின்னால் வீட்டுக்கு உரிமை கேட்பார்களோ என்று வீட்டுக்காரர் பயப்படுவார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் பேச்சு சர்வசாதாரணம். இடாப்பில் பெயர் இருப்பது வாக்குரிமைக்காக. வீட்டு உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை வீட்டுக்காரருக்குப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் நேரே போங்கள். சண்டை பிடித்து வாடகை வீட்டை இழக்கத் தேவையில்லை, அவர்கள் இதைப் பலமுறை பார்த்தவர்கள்.

பாடசாலைப் பெற்றோருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. அரச பாடசாலைகளில் முதலாம் தர அனுமதிக்கு வரும் சுற்றறிக்கையில், பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் பிரிவின் புள்ளிகளில் ஒரு பங்கு, முந்தைய ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருக்கிறதா என்பதில் தங்கியிருக்கிறது. அரசு பொறுப்பேற்ற பழைய மிஷன் பாடசாலைகளில், பொறுப்பேற்ற காலத்தில் அந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் படித்தார்களோ அந்த விகிதத்தையும் அனுமதியில் கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே கைக்குழந்தை உள்ள வீட்டில் பி.சி. படிவத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். ஐந்து வருடம் கழித்து அது தேவைப்படும்போது எவராலும் பின்திகதி போட்டுத் தர முடியாது.

வத்தளை, ஹெந்தளைப் பக்கம் குடியிருந்து கொழும்பில் பிள்ளையைப் படிப்பிக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் வாக்கு கம்பஹா மாவட்டத்துக்கு உரியது. பாடசாலை வாசலில் பேசப்படும் கொழும்பு வேட்பாளர்கள் எவரும் உங்கள் பாராளுமன்ற வாக்குச் சீட்டில் இருக்க மாட்டார்கள்.

கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்யும் அப்பா அங்கிருந்து வாக்களிக்க இன்னும் வழியில்லை. அரச சேவையில் இருந்து தேர்தல் கடமைக்குப் போகும் ஆசிரியை அம்மாவுக்குத் தபால்மூல வாக்கு உண்டு, ஆனால் அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கால எல்லை அறிவித்தல் வந்த கையோடு ஓடி முடிந்துவிடும்.

ஊரில் வாக்கு இருந்தால்

இந்த முறை மாற்ற நேரம் போதாதென்றால் ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும். தனியார் துறையில் வேலை செய்பவர்களுக்கு இதற்குச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. எழுத்தில் கேளுங்கள். வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கும் மேல் இரண்டு நாள் என்பது நடைமுறையில் இருக்கும் அளவு. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இரண்டு நாள் கிடைக்க வேண்டும். கடை, சலூன், வீட்டு வேலை என்று சின்ன இடங்களில் வேலை செய்பவர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். உங்கள் வீட்டில் உதவிக்கு நிற்கும் அக்காவுக்கும் ஊரில் ஒரு வாக்கு இருக்கும். அவவை அனுப்பி வைப்பது நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

எந்தத் தேர்தல், எதைத் தீர்மானிக்கும்?

ஜனாதிபதித் தேர்தலையும் பாராளுமன்றத் தேர்தலையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வாக்குச் சீட்டை நிரப்பும் விதமே வேறு.

ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே பட்டியல். நீளமான சீட்டு, 2024 செப்டெம்பர் 21இல் 39 பெயர்கள் இருந்தன. உங்கள் தெரிவுக்கு நேரே 1 என்று எழுதலாம், விரும்பினால் இன்னும் இருவருக்கு 2, 3 என்று எழுதலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் ஒரு புள்ளடியும் போதும். எண்ணையும் புள்ளடியையும் ஒரே சீட்டில் கலக்காதீர்கள். ஒருவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு 1 போட்டவர்களின் சீட்டில் அந்த இருவரில் யாருக்கு 2 அல்லது 3 இருக்கிறது என்று பார்ப்பார்கள். 1982இலிருந்து நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் இந்த இரண்டாவது எண்ணிக்கை 2024இல்தான் முதல் தடவையாகத் தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42.31 வீதமே கிடைத்திருந்தது.

சிறுபான்மை வாக்காளருக்கு இது பயனுள்ள கருவி. வெல்லமாட்டார் என்று தெரிந்தும் மனச்சாட்சிப்படி ஒருவருக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடிய இருவரில் குறைந்த பயம் தருபவருக்கு 2 போடலாம். 'வாக்கை வீணாக்காதே' என்று சொல்லி உங்களை மடக்குபவர்களுக்கு இதுதான் பதில். ஆனாலும் நம்மவர்கள் 2, 3 போடுவதைக் கற்பு கெட்ட வேலை போலப் பார்க்கிறார்கள். எனக்கு அது விளங்குவதில்லை.

பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி. அதன் பிறகு அதே பட்டியலில் இருந்து மூன்று பேர் வரை அவர்களின் இலக்கத்தின் மேல் விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் போச்சு. மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு எதுவும் எண்ணப்படாது. 2024 நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில் இரண்டு முறைகளும் தலையில் கலந்துபோனது ஒரு காரணமாக இருக்கலாம்.

225 பேரில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம். ஒவ்வொரு பட்டியலிலும் ஆசன எண்ணிக்கையைவிட மூன்று பேர் கூடுதலாக இருப்பார்கள், எனவே 21 இலக்கங்கள். ஒரு மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத பட்டியலுக்கு அங்கே ஆசனம் கிடையாது. கொழும்பில் சின்னச் சுயேச்சைக் குழு ஒன்றுக்குப் போட நினைக்கும் குடும்பம் அந்த 5 வீதத்தை யோசித்துவிட்டுப் போட வேண்டும்.

மாகாண சபை மூன்றாவது. அரசியல் யாப்பின் 13ஆவது திருத்தத்தின் பின் தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழும், மற்ற அரச பாடசாலைகள் மாகாணத்தின் கீழும் வந்தன. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச்சில். ஆகவே 'உங்கள் பாடசாலைக் கட்டடத்தை நான் கட்டித் தருகிறேன்' என்று ஒரு வேட்பாளர் சொன்னால், அந்தப் பாடசாலை யாருடைய கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

ஒரு சின்ன வரலாறு, தேவைக்கு மட்டும்

தேர்தலுக்கும் கிறிஸ்தவப் பாடசாலைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் 1960ஐப் பார்க்க வேண்டும். அந்த வருடம் ஜூலைத் தேர்தலில் வென்று சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். அதே வருடத்து 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளைப் பெருவாரியாக அரசின் கைக்குக் கொண்டு போயின. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள் போய் இருந்து மறியல் செய்தார்கள். கொஞ்சப் பாடசாலைகள் வெளியே நின்றன. கட்டணம் அறவிட முடியாத நிலையில் நன்கொடையும் காணிவல் களியாட்டமுமாக அவை இழுத்துப் பறித்து நடந்தன. பின்னால் வந்த அரசாங்கங்கள் அவற்றின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கின. இன்று கொழும்பில் உங்கள் பிள்ளை படிக்கும் அரச உதவி பெறும் கத்தோலிக்க, மெதடிஸ்த பாடசாலையின் ஆசிரியர் சம்பளத்துக்குப் பின்னால் அந்த முடிவு இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மிஷன் பாடசாலைகளின் ஆதிக்கத்தால் மற்றச் சமயப் பிள்ளைகள் ஓரங்கட்டப்பட்டார்கள் என்ற குறை நியாயமில்லாதது அல்ல. பொறுப்பேற்றதை ஆதரித்தவர்கள் எல்லாரும் கிறிஸ்தவ விரோதிகளும் அல்ல.

வீட்டு மேசையில் வைக்க வேண்டிய கேள்விகள்

வேட்பாளர் ஞானஸ்நானம் பெற்றவரா, எந்தக் கோவிலுக்குப் போகிறவர் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் நம்மிடையே வழக்கம். அதைக் கடைசியில் வையுங்கள், அல்லது வைக்காமலே விடுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 7.6 வீதம். அதற்குள் சிங்களவரும் தமிழரும் இருக்கிறார்கள்; கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தகொஸ்தே என்று சபைகளும் வேறு. இவ்வளவு பேருக்கும் பொதுவாக ஒரு வேட்பாளர் என்பது கணக்குக்கே வராது. அதைவிட, பிள்ளையின் நாளாந்தப் பாடசாலை வாழ்க்கையைத் தொடும் விஷயங்களில் அந்த வேட்பாளரும் கட்சியும் என்ன சொல்கிறார்கள், ஏற்கெனவே என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

ஆசிரியர்கள் முதலாவது. கொழும்பில் தமிழ்மொழி மூல வகுப்புகளுக்குக் கணிதம், விஞ்ஞானம் கற்பிக்க ஆள் தேடி அதிபர்கள் படும் பாடு பெற்றோருக்குத் தெரியும். புதிய ஆசிரிய நியமனங்களில் தமிழ் மூலத்துக்கு என்ன திட்டம்? உதவி பெறும் பாடசாலைகளுக்கான ஆசிரியர் சம்பளம் தொடருமா, ஓய்வு பெறுபவர்களின் இடத்தை நிரப்ப அனுமதி கிடைக்குமா? 'கல்வியை மேம்படுத்துவோம்' என்ற வரியைத் தாண்டி இதில் எதையாவது சொல்லியிருக்கிறார்களா?

பணம் இரண்டாவது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை, பல்கலைக்கழக ஆசிரியர்களின் 2012 வேலைநிறுத்தத்தோடு தெருவுக்கு வந்தது. அதன் பிறகு அந்த எண்ணைக் கட்சிகள் தாராளமாகப் பாவிக்கின்றன. எத்தனை வருடத்தில், எந்த வருமானத்தில் என்று கேட்டால்தான் விஷயம் வெளிக்கும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. அப்பியாசக் கொப்பி, சப்பாத்து, வேன் காசு என்று அது எப்படி வீட்டுக்குள் இறங்கியது என்பதை ஒவ்வொரு தாயும் அறிவாள். சர்வதேசப் பாடசாலையில் பிள்ளையை விட்டிருப்பவர்களுக்கு வேறொரு கேள்வி: கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்து நடக்கும் இந்தப் பாடசாலைகளின் கட்டணத்தையும் ஆசிரியர் தகுதியையும் யார் கண்காணிக்கப் போகிறார்கள்?

ஞாயிறு காலை மூன்றாவது. சாதாரண தரப் பிள்ளைக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்கு டியூஷன் வைத்தால் மறைக்கல்விக்கும் ஞாயிறு பாடசாலைக்கும் யார் வருவார்கள்? ஞாயிறு காலையில் தனியார் வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்று பௌத்தர்களும் தங்கள் அறநெறிப் பாடசாலைகளுக்காகக் கேட்கிறார்கள். இரண்டு சமயத்தாரும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான விஷயம் இது. அதனாலேயே இதில் ஒரு வேட்பாளரை உறுதியாகப் பேசவைப்பது சுலபம்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களை எந்தக் கிறிஸ்தவக் குடும்பமும் ஒதுக்கி வைக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று ஹோட்டல்கள். சீயோனில் பலியானவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. அதன் பின் வந்த ஒவ்வொரு தேர்தல் மேடையிலும் நீதி கிடைக்கும் என்று வாக்குறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உயர் அதிகாரிகள் சிலரும் கட்ட வேண்டும் என்றது. கடமை தவறியதற்கான தீர்ப்பு அது. திட்டமிட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு அது பதில் தேடவில்லை. ஆகவே வேட்பாளரிடம் 'நீதி கிடைக்குமா?' என்று கேட்காதீர்கள், கிடைக்கும் என்றுதான் சொல்வார். விசாரணையை எந்த அமைப்பு நடத்தும், சட்டமா அதிபரின் சுயாதீனத்துக்கு என்ன செய்வீர்கள், இதுவரை அதிகாரத்தில் இருந்த காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அத்தோடு அந்தக் கோபத்தை முஸ்லிம் அயலவர் மேல் திருப்பிவிட்டு வாக்கு சேர்க்கும் ஆளை அடையாளம் காணப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பிலேயே முஸ்லிம், இந்து, பௌத்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வழிபாட்டுச் சுதந்திரமும் இருக்கிறது. யாப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் எல்லாருக்கும் சமயச் சுதந்திரத்தை உறுதிசெய்கின்றன. இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் பிரச்சினைகள் முளைக்கின்றன. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதன் சில பிரிவுகள் யாப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி பெற வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வீடுகளில் கூடும் சின்னச் சபைகளுக்குத் தலையிடியாக இருந்தது. பெரிய கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கருக்கும் அங்கிலிக்கருக்கும் இந்தச் சூடு அவ்வளவாகத் தெரியாது. பெந்தகொஸ்தே நண்பரிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

விஞ்ஞாபனங்களைத் தமிழில் வாசிக்கலாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கல்வி, சமயம், மொழி பற்றிய பக்கங்களை இரண்டு மொழியிலும் ஒப்பிடச் சொல்லுங்கள். நல்ல மொழிப் பயிற்சி. சில வேளை வேறு பாடமும் கிடைக்கும்.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு வாக்குறுதி எங்கள் பாடசாலைக்கு நல்லதென்று பட்டால், மகாவித்தியாலயத்தில் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கு அதால் என்ன நடக்கும் என்று பார்ப்பேன். அவளுக்குக் கெடுதல் என்றால் அந்த வாக்குறுதிக்கு என் கணக்கில் புள்ளி இல்லை. இதை எல்லாரும் ஏற்க வேண்டும் என்றில்லை.

பங்கும் பாடசாலையும் எதுவரை?

பூசை முடிந்து வாசலில் "ஃபாதர், இந்த முறை யாருக்குப் போட?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவரைச் சங்கடத்தில் மாட்டாதீர்கள். தேர்தல் சட்டம் இதில் கடுமையானது. தேர்தல் காலத்தில் சமயக் கூட்டத்தில் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு பேசுவதும், துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் தகாத செல்வாக்கு என்ற குற்றத்துக்குள் வரும். ஒரு வேட்பாளருக்குப் போடாவிட்டால் நற்கருணை போன்ற தேவதிரவிய அனுமானம் இல்லை என்று மிரட்டுவதும் அப்படியே. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 287ஆம் பிரிவும் குருக்கள் கட்சி அரசியலில் முன்னின்று ஈடுபடக் கூடாது என்கிறது. நேர்மை, ஊழல், வறியவர் நலன் பற்றி ஆயர்கள் பொதுவாக அறிக்கை விடுவார்கள். அதை வாசியுங்கள், பங்கின் அயல்வீட்டுக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் பேசுங்கள். பெயர் சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாடசாலையிலும் அதே. வகுப்பு வட்ஸ்அப் குழு வீட்டுப்பாடத்துக்காக இருக்கிறது. அதில் கட்சிக் காணொளி வந்தால் குழுவை நடத்தும் தாய் தயங்காமல் அழிக்கட்டும், யார் அனுப்பினாலும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு வேட்பாளர்களைக் கூப்பிட விருப்பம் என்றால் எல்லாக் கட்சியையும் கூப்பிட வேண்டும். அது முடியாவிட்டால் ஒருவரையும் கூப்பிட வேண்டாம். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக ஒரு வேட்பாளர் வருவதைத் தேர்தல் முடியும் வரை தள்ளிப்போடுங்கள். பழைய மாணவர் என்ற முறையில் வாக்குக் கேட்பவர்கள்தான் கொஞ்சம் சிக்கல். பழைய பள்ளிக்கூடப் பாசம் கொழும்பில் சாதியைவிட இறுக்கமானது. சீருடையோடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க மட்டும் விடாதீர்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு எல்லை உண்டு. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 18 வயது மகளிடம் உங்கள் காரணங்களைச் சொல்லுங்கள், அவளுடைய காரணங்களைக் கேளுங்கள். யாருக்குப் போட்டாய் என்று பின்னால் கேட்காதீர்கள். அப்பாச்சிக்கு விருப்பு எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ கேட்டால் மட்டும் கொடுங்கள்.

வாக்களிப்பு நாள்

2024இன் இரண்டு தேசியத் தேர்தல்களிலும் காலை 7 முதல் மாலை 4 வரை வாக்களிப்பு நடந்தது. நேரம் மாறக்கூடும், வாக்காளர் அட்டையில் பாருங்கள். அட்டை தபாலில் வரும். வராவிட்டால் உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் அடையாளத்தைக் காட்டி வாங்கலாம். அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம். அடையாள ஆவணம் இல்லாமல் முடியாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் மதகுருமாருக்குக் கொடுக்கும் அட்டை ஆகியவை ஏற்கப்படும். அலுவலக அட்டையும் பாடசாலை அட்டையும் செல்லாது. அடையாள அட்டை தொலைந்தவர்கள் கிராம உத்தியோகத்தர் மூலம் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தற்காலிக அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

நிலையம் பெரும்பாலும் ஒரு பாடசாலைதான். சில வேளை உங்கள் பிள்ளையின் வகுப்பறையே. அதனால்தான் முதல் நாளே பாடசாலையைக் கையளித்துவிடுகிறார்கள். பிள்ளையின் கொப்பி, வர்ணப் பெட்டி எதையும் மேசைக்குள் விட்டுவிட்டு வரவேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

உள்ளே பெயரை உரக்க வாசிப்பார்கள், அடையாளம் பார்ப்பார்கள், விரலில் மை பூசுவார்கள், சீட்டைத் தருவார்கள். கைத்தொலைபேசியில் படம் எடுப்பது தடை. புள்ளடியிட்ட சீட்டைப் படம் எடுத்துப் போடுவது பெரிய வம்பு. கட்சி நிறத்தில் உடை, சின்னம் எதுவும் வேண்டாம். உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். அங்கே உள்ள தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள், அதற்கென்று வேறு சீட்டு முறை இருக்கிறது. கண் தெரியாத அல்லது கை வழங்காத முதியவர், 2011இன் 28ஆம் இலக்கச் சட்டப்படி உதவிக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். அதற்கான படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் வாங்கி, வைத்தியரின் சான்றோடு முன்னரே தயாராக வைத்திருங்கள். படியேற முடியாத அப்பாச்சிக்கு வரிசையில் முன்னுரிமை கேட்டால் எவரும் மறுப்பதில்லை.

வாக்களிப்புக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் ஓய்ந்திருக்க வேண்டும். வதந்திகள் கூடுதலாக ஓடும் நேரமும் அதுதான். கர்தினால் இன்னாருக்குப் போடச் சொன்னார் என்று குரல்பதிவு வந்தால், அவருடைய மறைமாவட்டம் அதை வெளியிட்டதா என்று பார்க்காமல் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

முடிந்த பிறகு

விருப்பு வாக்கு முடிவுகள் வரும்போது உங்கள் மாவட்டத்தில் யார் தெரிவானார் என்று குறித்து வையுங்கள். நீங்கள் போடாதவராக இருந்தாலும் அவர்தான் இனி உங்கள் பிரதிநிதி. ஆசிரியர் வெற்றிடம் பற்றியோ ஞாயிறு டியூஷன் பற்றியோ அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழில் எழுதலாம். ஒரு பெற்றோர் தனியாக எழுதுவதைவிட, ஒரே வகுப்பிலுள்ள நாலு சமயத்துப் பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பினால் அதை ஓரத்தில் போடுவது கஷ்டம். வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் அனுப்பினால் இன்னும் நல்லது. அடுத்த இடாப்புத் திருத்தத்துக்குக் கிராம உத்தியோகத்தர் வரும்போது, வீட்டில் 18ஐத் தொடப்போகும் பிள்ளையின் பெயரையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.